முகம் தேய்ந்த காசு: வயதையும் வெள்ளியையும் கண்டுபிடிப்பது எப்படி

கையில் ஒரு பழைய காசு. முகம் பாதி போய்விட்டது, ஆண்டு தெரியவில்லை. வெள்ளி மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: இது எந்தக் காலத்தது, இதில் வெள்ளி எவ்வளவு?

இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இது எந்தக் காசு? அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ஓர் அரசு அச்சடித்த காசின் எடை, விட்டம், மாற்று (கலவையில் வெள்ளி எத்தனை பங்கு என்பது) மூன்றையும் அந்த அரசே சட்டம் போட்டு எழுதி வைத்திருக்கும். எந்த நாட்டின் எந்தக் காசு, எந்த ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்று தெரிந்தால், வெள்ளி எவ்வளவு என்பதை எந்த நாணயப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். காந்தம், தண்ணீர், ஓசை எல்லாம் அந்த விடையைச் சரிபார்க்கத்தான். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேராக அமிலப் புட்டியைத் தேடிப் போகிறார்கள்.

முதல் வேலை: எதுவும் செய்யாமல் இருப்பது

கருத்துப்போன காசைப் பார்த்ததும் கை தானாகப் பல்பசையைத் தேடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கருமை போனது, பளபளப்பு வந்தது. அதுவரை மங்கலாகத் தெரிந்த இரண்டு எண்கள் காணாமல் போயின. பல்பசையில் இருப்பது நுண்ணிய அரம். ஏற்கெனவே முடியளவு உயரம் மட்டுமே மிச்சமிருக்கும் எழுத்தை அது சீவிவிடும். சாம்பல், சமையல் சோடா, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கருமையே உங்களுக்கு உதவி செய்கிறது என்பது இன்னொரு விஷயம். பள்ளத்தில் கருமை தங்கி மேடு வெளுத்திருந்தால் எழுத்து படிக்கக் கிடைக்கும். அதைக் கழுவிவிட்டால் எல்லாம் ஒரே நிறம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, துடைக்காமல் மெல்லிய துணிமேல் வைத்து உலரவிடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், செல்போன் டார்ச், ஒரு சிறிய நியோடிமியம் காந்தம், தையல் நூல், ஒரு தம்ளர் தண்ணீர். இதில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் லென்ஸை விடுங்கள், செல்போன் கேமரா சமாளித்துக்கொள்ளும். தராசை விடாதீர்கள்.

எடை, விட்டம், விளிம்பு

முகத்தைப் பார்க்கும் முன் இந்த மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. தேய்மானம் முதலில் தின்பது முகத்தை. விட்டத்தை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. முகம் மழுங்கிய காசிலும் விட்டம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் பழைய அளவிலேயே நிற்கும்.

எடை அப்படி இல்லை. நன்றாகத் தேய்ந்த வெள்ளிக்காசு ஐந்து சதவீதம், மிகவும் மோசமானால் பத்து சதவீதம்கூட இழந்திருக்கும். ஆனால் அது ஒரு திசையில் மட்டுமே நகரும். தேய்ந்த காசு சட்ட எடையைவிடக் குறையலாமே தவிரக் கூட முடியாது. தேய்ந்தும் எடை கூடியிருந்தால் மூன்று சாத்தியம்: நீங்கள் நினைக்கும் காசு அது இல்லை, பதக்கமாகக் கோக்க வளையம் பற்றவைத்த உலோகம் ஒட்டியிருக்கிறது, அல்லது கள்ளக்காசு.

அடிக்கடி கையில் சிக்கும் சில அளவுகள்: பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். அது சரியாக ஒரு தோலா, அதாவது 180 கிரெய்ன். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம். பிரிட்டனின் ஷில்லிங் 5.66 கிராம், ஃப்ளோரின் 11.31 கிராம், அரை கிரவுன் 14.14 கிராம். அமெரிக்காவின் வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், 24.3 மில்லிமீட்டர், அரை டாலர் 12.50 கிராம், 30.6 மில்லிமீட்டர். ஸ்பானியரின் எட்டு ரியால் ஏறக்குறைய 27 கிராம். பிரான்சின் பழைய வெள்ளிக்காசுகள் மனப்பாடம் செய்ய வசதியானவை: ஒரு ஃபிராங்க் 5 கிராம், இரண்டு ஃபிராங்க் 10 கிராம், ஐந்து ஃபிராங்க் 25 கிராம். காசை வைத்தே சாமான் நிறுக்கலாம் போல.

இதில் ஒரு வலை இருக்கிறது, கவனியுங்கள். ரூபாயும் அமெரிக்க அரை டாலரும் கிட்டத்தட்ட ஒரே விட்டம். பத்து சதவீதம் தேய்ந்த அரை டாலர் 11.25 கிராம் இருக்கும். கொஞ்சமாகத் தேய்ந்த ரூபாயும் அதே எடையில் வந்து நிற்கும். எனவே எடையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது செய்வது நூறு சாத்தியங்களை மூன்றாகக் குறைப்பது. அதுவே பெரிய உதவி.

அடுத்து விளிம்பு. காசைப் படுக்கவைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம், நிமிர்த்திப் பார்க்கிறவர்கள் குறைவு. விளிம்பில் பல்வரி (வரிசையான சிறு வெட்டுகள்) இருக்கிறதா, வழவழப்பா, எழுத்து வெட்டியிருக்கிறதா? பல்வரி இருந்தால் நடுவில் இன்னொரு கோடு ஓடுகிறதா? 1940 முதல் 1945 வரை வந்த இந்திய ரூபாயில் பல்வரிக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு இருக்கும். கள்ளக்காசு அடிப்பவர்களுக்குத் தொல்லை கொடுக்க வைத்த ஏற்பாடு அது. அதற்கு முந்தைய ரூபாயில் வெறும் பல்வரி மட்டுமே. முகத்தில் ஒரு எழுத்துகூட இல்லாவிட்டாலும் இந்த ஒரு கோட்டைப் பார்த்தே காசு 91.7 சதவீத வெள்ளியா, 50 சதவீத வெள்ளியா என்று சொல்லிவிடலாம். அமெரிக்கக் கால் டாலரில் விளிம்பு இன்னும் வெளிப்படையாகப் பேசும்: 1965 முதல் வந்தவற்றில் நடுவில் செம்புப் பட்டை தெரியும், 1964 வரை உள்ளவற்றில் முழுக்க வெள்ளை.

வார்ப்பில் எடுத்த போலிக்காசும் விளிம்பில்தான் மாட்டும். இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு தையல் கோடு, அல்லது அதை அராவி மறைத்த தடம் இருக்கும்.

முகத்தில் மிஞ்சியதைப் படிப்பது

இனி முகம். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் காசின் மட்டத்துக்கே இறக்குங்கள். வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் தரையோடு தரையாகத் தடவிப் போக வேண்டும். காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து அடுத்த கோணத்தில் நிழல் போட்டு எழும். மேலே, கீழே, இடம், வலம் என நான்கு திசை வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் பெரும்பாலும் நான்கில் ஒரு படத்தில் மாட்டும்.

பழைய முறைகளும் கெட்டுப்போகவில்லை. மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் படி விழும். காசின்மேல் வாயால் ஆவி ஊதினால் ஒரு கணம் எழுத்து தெரிந்து மறையும். அந்தக் கணத்தைப் படம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். காசைப் பழுக்கக் காய்ச்சினால் எழுத்து மேலெழும் என்ற பழைய யோசனையையும் யாராவது சொல்வார்கள். காசு போய்விடும், வேண்டாம். அமெரிக்காவின் எருமை உருவம் போட்ட ஐந்து சென்ட் காசில் ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டு ஆண்டை எழுப்புவார்கள். அது செம்பு நிக்கல் கலவைக்கான வேலை. வெள்ளிக்குச் செய்தால் வடுதான் மிஞ்சும்.

எதைப் பார்ப்பது? மேடான இடங்கள் முதலில் போகும்: கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, கிரீடத்தின் முன்பகுதி. விளிம்பை ஒட்டிய எழுத்துகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் உயர்ந்த விளிம்பு அவற்றுக்கு மதில் போல நிற்கிறது. ஆகவே முகத்தின் நடுவை விட்டு ஓரத்தை வட்டமாகச் சுற்றிப் படியுங்கள். முழுச் சொல் கிடைக்காது, ஓர் எழுத்தின் கால், அடுத்ததின் வளைவு கிடைக்கும். நன்றாகத் தெரியும் அதே வகைக் காசின் படத்தைப் பக்கத்தில் வைத்து, கடிகார முள் கணக்கில் ஒப்பிடுங்கள்: இரண்டு மணி இடத்தில் இந்த வளைவு இருக்கிறதா, எட்டு மணி இடத்தில் இந்த இடைவெளி இருக்கிறதா?

உருவத்தின் நிழல் மட்டுமே மிஞ்சினாலும் கலங்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசர்களின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே ஆட்சியைச் சொல்லும். விக்டோரியா இடப்பக்கம். ஏழாம் எட்வர்டு வலப்பக்கம், கிரீடமில்லாத வழுக்கைத் தலை, தாடி. ஐந்தாம் ஜார்ஜ் மறுபடி இடப்பக்கம், தாடி உண்டு. இந்தியக் காசில் கிரீடமும் உண்டு. ஆறாம் ஜார்ஜும் இடப்பக்கம்தான், ஆனால் தாடி இல்லை. தாடி, கிரீடம், திசை மூன்றையும் வைத்தே 1862 முதல் 1945 வரையிலான வெள்ளி ரூபாயை நான்கு ஆட்சிகளாகப் பிரித்துவிடலாம். விக்டோரியாவிலும் ஒரு வரப்பு இருக்கிறது: 1876 வரை 'ராணி', 1877 முதல் 'பேரரசி'. அந்தச் சொல்லின் வால் பகுதி தெரிந்தாலே போதும்.

சில சமயம் தேய்ந்துபோன இடமே சாட்சி. அமெரிக்காவில் 1916 முதல் 1930 வரை வந்த, நிற்கும் லிபர்ட்டி உருவம் கொண்ட கால் டாலரில் ஆண்டு துருத்திக்கொண்டிருந்த படிக்கட்டின்மேல் இருந்தது. சில வருடப் புழக்கத்தில் அழிந்துபோனது. புகார் வந்து, 1925 முதல் ஆண்டைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். ஆக, மற்றதெல்லாம் ஓரளவு தெரிந்து ஆண்டு மட்டும் சுத்தமாக அழிந்திருந்தால் அது பெரும்பாலும் 1924 அல்லது அதற்கு முந்தையது. இல்லாத எண்ணே ஆண்டைச் சொல்லும் காசு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆண்டு தெரிகிறது, ஆனால்

ஆண்டு தெரிந்துவிட்டது என்று உடனே குதிக்க வேண்டாம். இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது, காசில் இருக்கும் ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர் என்ற வெள்ளிக்காசில் 1780 என்று இருக்கும். அந்த அரசி இறந்த ஆண்டு அது. செங்கடல் ஓரத்து வியாபாரிகள் அந்த முகம் இருந்தால்தான் வாங்குவோம் என்றதால், அதே 1780ஐப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் வியன்னா, லண்டன், பாரிஸ், ரோம், பம்பாய் என்று பல இடங்களில் அடித்துத் தள்ளினார்கள். எல்லாமே 83.3 சதவீத வெள்ளி. கிழக்கிந்திய கம்பெனியின் 1840 ரூபாயும் அப்படித்தான், 1862 வரை அதே ஆண்டோடு வந்தது. அதன்பின் விக்டோரியாவின் 1862 ரூபாயை 1874 வரை அதே ஆண்டில் அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலைக் காசுகளில் உண்மையான ஆண்டைப் பிரிக்கப் பூப்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ண வேண்டும். தேய்ந்த காசில் புள்ளி எண்ணுவது கண்ணுக்குத் தண்டனை. '1862 வகை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், வெள்ளியின் அளவு எப்படியும் மாறாது.

இரண்டாவது, அந்த எண் நாம் நினைக்கும் ஆண்டுக் கணக்காக இருக்காது. ஹிஜ்ரி ஆண்டு என்றால் 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1325 என்றால் 1285, அதனுடன் 622, ஆக 1907. ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் வரலாம். அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்கள் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், குழம்பாதீர்கள். அந்த எண்களில் சுழி ஒரு வெறும் புள்ளி. தேய்ந்தால் முதலில் போவது அதுதான். மூன்று எண்களும் ஓர் இடைவெளியும் தெரிந்தால் அந்த இடத்தில் சுழி இருந்ததா என்று சந்தேகப்படுங்கள். ஓட்டோமன் காசுகளில் இன்னொரு வேடிக்கை: சுல்தான் பட்டத்துக்கு வந்த ஆண்டு எல்லாக் காசிலும் நிலையாக இருக்கும்; ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது வேறிடத்தில் சிறிய எண்ணாக இருக்கும். 1327 என்பதோடு 7 என்று இருந்தால் 1333, அதாவது 1915 வாக்கில்.

விக்ரம ஆண்டு என்றால் 57 கழிக்கவும், சக ஆண்டு என்றால் 78 கூட்டவும், புத்த ஆண்டு என்றால் 543 கழிக்கவும். ஜப்பானியக் காசில் பேரரசர் காலப் பெயரும் ஆண்டும் இருக்கும்: மெய்ஜி 1868இல் தொடங்குகிறது, ஆகவே மெய்ஜி 38 என்பது 1905.

சரி, வெள்ளி எவ்வளவு?

காசு எது என்று தெரிந்துவிட்டால் இது பட்டியல் பார்க்கும் வேலை. ஆனால் எல்லை ஆண்டுகள் முக்கியம். ஒரே முகம், ஒரே அளவு, ஓர் ஆண்டு தள்ளினால் வெள்ளி பாதியாகிவிடும்.

பிரிட்டன் 1919 வரை 92.5 சதவீதம். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறி, காசின் மதிப்பைவிட அதிலிருந்த வெள்ளியின் மதிப்பு கூடிவிட்டதால் 1920இல் 50 சதவீதமாகக் குறைத்தார்கள். 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பு நிக்கல். இந்திய ரூபாய் 91.7 சதவீதம், 1940 முதல் 50 சதவீதம், 1947இல் சுத்த நிக்கல். கனடா 1919 வரை 92.5, 1920 முதல் 80. 1967இலேயே அது குறையத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 1945 வரை 92.5, 1946 முதல் 50. அமெரிக்காவின் பத்து சென்ட்டும் கால் டாலரும் 1964 வரை 90. அங்கே அரை டாலர் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீதத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தது. சுவிட்சர்லாந்து 1967 வரை 83.5. பிரான்சின் ஐந்து ஃபிராங்க் 90 சதவீதம். அதே காலத்து ஒன்று, இரண்டு ஃபிராங்க் காசுகள் 1866 முதல் 83.5 மட்டுமே; பெரியதும் சிறியதும் ஒரே மாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

இரண்டு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசில் பெயருக்குத்தான் நிக்கல். 1942 பிற்பாதி முதல் 1945 வரை நிக்கலைப் போருக்கு எடுத்துக்கொண்டு 35 சதவீத வெள்ளியைப் போட்டார்கள். பூப்பக்கத்துக் கட்டடத்துக்கு மேலே பெரிதாக ஓர் எழுத்து இருந்தால் அதுதான். மெக்ஸிகோவின் 1957 முதல் 1967 வரையிலான ஒரு பேசோவில் பத்து சதவீதம் மட்டுமே வெள்ளி. வெள்ளிக்காசு என்று சொல்வதும் பொய் இல்லை, உண்மையும் இல்லை. ஆனால் 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரைக் கேட்டு மட்டும் ஏமாறாதீர்கள், அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்.

தேய்மானம் மாற்றைக் குறைக்குமா என்று பலர் கேட்பார்கள். குறைக்காது. உரசிப் போவது வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவைதான். குறைவது எடை மட்டும். ஆகவே கணக்கு எளிது: இன்றைய எடையை மாற்றால் பெருக்குங்கள். பட்டியலில் இருக்கும் புதுக்காசு எடையைப் போட்டுக் கணக்கிடுவது, விற்பவருக்கு மட்டும் சாதகமான தவறு.

சரிபார்க்கும் சோதனைகள்

நிறத்திலிருந்து தொடங்கலாம். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட வெள்ளி தேய்ந்தாலும் சாம்பல் கலந்த வெண்மையாகவே இருக்கும். 50 சதவீதக் காசு தேய்ந்தால் கன்னமும் மூக்கும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும், உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் காசில் வெள்ளியை மூன்றில் ஒரு பங்குவரை குறைத்தபோது, தேய்ந்த காசில் அரசர் மூக்கு சிவந்து தெரிந்தது. ஜனங்கள் அவருக்குச் 'செப்பு மூக்கர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த மூக்கு இன்றும் நல்ல சோதனை.

காந்தம் அடுத்தது. ஒட்டினால் வெள்ளி இல்லை. இரும்பு அல்லது சுத்த நிக்கல். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்பும் ஈயமும் செம்பு நிக்கலும்கூட ஒட்டாது. அதனால் இன்னொன்று செய்யுங்கள்: காசை 45 பாகை சாய்த்துப் பிடித்து, சிறிய நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து நழுவவிடுங்கள். வெள்ளியில் அது தேனில் இறங்குவது போல மெதுவாக இறங்கும், ஏனென்றால் மின்சாரம் நன்றாகப் பாயும் உலோகத்தில் நகரும் காந்தம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதுவே காந்தத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். செம்பு நிக்கலில் சட்டென்று வழுக்கி விழும். வெள்ளி முலாம் பூசிய செம்பு மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். காசின்மேல் பனிக்கட்டி வைத்து உருகும் வேகம் பார்க்கும் சோதனைக்கும் இதே ஓட்டை உண்டு.

ஓசையைப் பற்றி ஒரு வரி: விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயக் கலவை 'டக்' என்று அமுங்கும், ஆனால் கீறல் விட்ட நல்ல காசும் அமுங்கித்தான் ஒலிக்கும்.

எனக்கு நம்பிக்கையுள்ளது தண்ணீர்ச் சோதனை. காசுக்கு எந்தக் கேடும் இல்லை, எண்ணாக விடை தருகிறது.

1. காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.
2. தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்குங்கள். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.
3. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு ஒரு சிறு எண்ணைக் காட்டும். அது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை.
4. முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். வருவது அடர்த்தி.

சுத்த வெள்ளி 10.49. செம்போடு கலந்தால் 92.5 சதவீதத்துக்கு 10.36, 90க்கு 10.31, 80க்கு 10.14, 50க்கு 9.66. செம்பு நிக்கல் 8.95 அருகில் நிற்கும்.

இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். 11 கிராம் காசு ஒதுக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1.06 கிராம். தராசு 0.01 கிராம் தப்பாகக் காட்டினால் விடை எவ்வளவு மாறும் தெரியுமா? வெள்ளிக் கணக்கில் ஐந்தாறு சதவீதம். ஆகவே இந்தச் சோதனை 90ஐயும் 50ஐயும் பிரிக்கும், 90ஐயும் 92.5ஐயும் பிரிக்கவே பிரிக்காது. 'என் காசு 93.4 சதவீதம்' என்று யாராவது தண்ணீர்ச் சோதனையை வைத்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஐந்து தடவை செய்து சராசரி எடுப்பது உதவும். காசு பெரிதானால் பிழை சிறிதாகும், 25 கிராம் காசில் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒன்றரை கிராம் காசுக்கு இந்தச் சோதனையே வீண். ஈயமும் வெள்ளீயமும் கலந்து அடர்த்தியைச் சரியாக 10.3க்குக் கொண்டுவரும் போலிகளும் உண்டு. அவற்றை ஓசையும் விளிம்பும் காட்டிக்கொடுக்கும்.

அமிலம் பற்றிச் சொல்லாமல் முடியாது. உரைகல்லில் தேய்த்து, நைட்ரிக் அமிலத்தில் டைக்ரோமேட் கலந்த சொட்டு விட்டால் வெள்ளி சிவப்பாக மாறும். நகைக்குச் சரி, காசுக்குச் சரியில்லை. ஓரத்தில் ஒரு உரசல் விழுந்தாலே சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் திரவம் கைக்கும் மூச்சுக்கும் ஆபத்து. எக்ஸ்ரே கருவி காசைக் கெடுக்காது, ஆனால் அது தோலைத்தான் பார்க்கும். பழங்காலத்துக் குறைந்த மாற்றுக் காசுகளில் மேல்தோல் உள்ளே இருப்பதைவிட வெள்ளி கூடியது, ஏனென்றால் அச்சடிக்கும் முன்பே மேற்பரப்புச் செம்பை அமிலத்தில் கரைத்து வெளுத்துவிடுவார்கள், மண்ணில் புதைந்த காலத்திலும் செம்புதான் முதலில் கசியும். ரோமானியர்களின் மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் பல பார்க்க வெள்ளி, உள்ளே ஐந்து சதவீதம்கூட இருக்காது. கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

போலியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. உண்மையான தேய்மானம் மேட்டைத் தின்று பள்ளத்தை விட்டுவைக்கும். எழுத்துகளின் தலை தட்டையாகி, அடிப்பகுதி கூர்மையாக நிற்கும். செயற்கையாகப் பழசாக்கிய காசில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், சோப்பில் செதுக்கியது போல. சமதளத்தில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் நிறைய இருந்தால் வார்ப்பு.

ஒரு காசை எடுத்துப் பார்ப்போம்

எடை 11.21 கிராம், விட்டம் 30.4. முன்னால் சொன்ன வலைக்குள் சரியாக விழுந்திருக்கிறது: நான்கு சதவீதம் தேய்ந்த ரூபாயாக இருக்கலாம், பத்து சதவீதம் தேய்ந்த அமெரிக்க அரை டாலராகவும் இருக்கலாம். விளிம்பில் பல்வரி, நடுவில் கோடு இல்லை. காந்தம் ஒட்டவில்லை, சாய்த்து விட்டால் மெதுவாக இறங்குகிறது.

டார்ச்சைத் தாழ்த்திப் பார்த்தால் தலை இடப்பக்கம் பார்க்கிறது, முகவாயில் தாடியின் திரட்சி, தலைமேல் கிரீடத்தின் வட்டம். அரை டாலரில் தாடிவைத்த அரசர் கிடையாது. ஆக ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ், 1911 அல்லது அதற்குப் பின். வலப்புற ஓரத்தில் 'எம்பரர்' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளின் கால்கள். பூப்பக்கத்தில் ஆண்டின் முதல் மூன்று எண்கள் 1, 9, 1 என்று தெரிகின்றன, நான்காவது ஒரு மேடு மட்டும். வெள்ளி 91.7 சதவீதம், 1940க்கு வெகு முந்தியது.

தண்ணீரில் மூன்று முறை: 1.08, 1.09, 1.08. அடர்த்தி 10.28க்கும் 10.38க்கும் நடுவில். 91.7 சதவீதத்துக்கு வர வேண்டியது 10.34. பொருந்துகிறது. 11.21ஐ 0.917ஆல் பெருக்கினால் 10.28 கிராம் வெள்ளி. உறைமேல் '191_' என்று எழுதி, நான்காவது எண்ணுக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டேன்.